சேதி முதல்ல, படம் அப்புறம்

என் வீட்டுக் கணினியில் ஒரு செய்திப் பக்கம் திறக்க நான்கு நிமிடம் இருபது வினாடி ஆகும். மூன்று வீடு தள்ளி, அதே மாடியில், அதே வகை லைனில், அக்கா வீட்டில் அதே பக்கம் ஐம்பத்தைந்து வினாடியில் திறந்துவிடும். கைக்கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு. ஒரு தடவை அல்ல, ஆறு தடவை பார்த்தேன்.

பினாங்கில், டத்தோ கிராமாட் பகுதியில் நாங்கள் அப்போது இருந்த அடுக்குமாடி பழையது. லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒரு முறைதான் நிற்கும். ஏழாவது மாடிக்காரர்கள் ஆறில் இறங்கிப் பதினெட்டுப் படி ஏற வேண்டும். ஊரில் மற்ற இடங்களுக்கெல்லாம் வேகமான லைன் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்துக்கு மட்டும் எல்லாமே பழைய தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. இடி இடித்தால் அதுவும் வராது. பினாங்கில் எத்தனை மத்தியானம் இடி இடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது இளையவர். மாடியில் உள்ள பதினான்கு வீடுகளும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணே என்பார். எங்கள் இருவரில் யாரோ ஒருவர் தப்புக் கணக்கு சொல்கிறோம் என்பது கொஞ்ச நாள் எனக்கு உறுத்தலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கப்பலில் ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டை, கிழிந்த மூட்டை என்று எண்ணி எண்ணியே தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லை. வினாடிகளை எண்ண ஆரம்பித்தேன். "மூட்டையெல்லாம் கப்பல்ல ஏறிப் போயிருச்சு. எண்ணிக்க மட்டும் வீட்டுக்கு வந்துருச்சு" என்பாள் என் மனைவி.

அக்கா முதன்முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் வாயால்தான். காலையில் கணினியின் முன் உட்கார்ந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். துவைத்த துணி வாளியோடு நடைபாதையில் போனவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"யாரத் திட்டறீங்க அண்ணே?"

"இதத்தான். நாலு நிமிஷமா சுத்துது. லைன் கம்பெனிக்கு பதினோரு சுராட் எழுதித் தபால்ல போட்டாச்சு. ஒரு சுராட்டுக்கும் பதில் இல்ல."

வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். திரையில் ஒரு காரின் முன்பாதி வந்திருந்தது. அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய நெற்றி.

"நீங்க என்ன படிக்கணும்?"

"துறைமுகச் செய்தி."

"கார் வாங்கப் போறீங்களா?"

"இல்லியே."

"அப்புறம் எதுக்கு இந்தக் காரக் கட்டி இழுக்கறீங்க? ஏழு மாடி ஏறி வரணும்ல அது?"

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ ஒரு பட்டியலுக்குள் போய், ஒரு கட்டத்திலிருந்த குறியை எடுத்தார். பக்கம் மறுபடி வந்தது. படங்கள் இருந்த இடத்தில் வெறும் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவில் நான் தேடிய செய்தி, எழுத்து எழுத்தாக, முழுசாக. ஒரு நிமிடம் இரண்டு வினாடி.

"சேதி முதல்ல, படம் அப்புறம்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் போய்விட்டார்.

இதுதான் அவர். இதற்குமேல் நான் என்ன சொன்னாலும் இதன் விளக்கம்தான்.

அவர் கணினியை உபயோகிக்கும் விதத்தைப் பார்த்தால் அவர் அதை உபயோகிக்கிறார் என்றே தோன்றாது. காலையில் வேண்டிய பக்கங்கள் ஐந்தோ ஆறோ, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தனித்தனியாகத் திறந்துவிடுவார். திறந்தது வரட்டும் என்று எழுந்து போய் அரிசி களைவார். திரும்பி வரும்போது முதல் பக்கம் தயாராக இருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். ஓடிக்கொண்டிருந்த வேறு சங்கதிகளை எல்லாம் முன்கூட்டியே மூடியிருப்பார். கடிதம் எழுதவேண்டுமானால் லைனே இல்லாமல் தனியாக எழுதி, பிழை பார்த்து, கடைசியில்தான் தபால் பக்கத்தைத் திறந்து அதில் ஒட்டுவார். நானோ தபால் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசிப்பேன். அனுப்பும்போது லைன் போய்விட்டிருக்கும். இப்படி நான் இழந்த கடிதங்கள் நான்கு. அதில் இரண்டு லைன் கம்பெனிக்கான புகார்.

அவரிடம் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. பேருந்து நேரம், மின்சாரக் கட்டணம், ஆஸ்பத்திரிச் சந்திப்பு என்று ஒவ்வொன்றுக்கும் சரியான முகவரி, உள்ளறை வரைக்கும், நீளமாக, தன் குண்டு எழுத்தில் எழுதிவைத்திருந்தார். "முன் வாசல் வழியா ஏன் போறீங்க? அங்கதான் தோரணம், வாழை மரம், வரவேற்பு எல்லாம். நேரா அடுப்படிக்குப் போங்க" என்பார். சில பக்கங்களுக்குக் கைத்தொலைபேசிக்கென்று ஒரு சின்ன வடிவம் உண்டு என்பதும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்குப் பிடிக்காத ஒன்று, சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவது. அதைவிடப் பிடிக்காதது, பொறுமை இழந்து மறுபடி மறுபடி புதுப்பிப்பது.

"வரிசையில பாதி தூரம் வந்தவரு நீங்க. ஏன் லேட்டுனு கேட்டு மறுபடி கடைசிக்குப் போய் நிக்கறீங்க. என்ன புத்தி இது?"

"வரலியே அக்கா."

"நீங்க மொறச்சுப் பாத்தா வந்துருமா? எழுந்து போய் ஒரு வேல பாருங்க. வேல இல்லேன்னா எங்க வீட்ல வெங்காயம் இருக்கு, உரிங்க."

உரித்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது.

லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட்டில், ஒரு புடவைக் கடையில் அவருக்கு வேலை. தீபாவளிக்கு முந்தைய வாரம் என் மனைவியோடு நான் அங்கே போயிருந்தேன். மற்ற விற்பனைப் பெண்கள் ஆளுக்கு நாற்பது ஐம்பது புடவைகளை இறக்கி மெத்தைமேல் பரப்பியிருந்தார்கள். வாங்க வந்தவர்கள் அந்தக் குவியலுக்குள் மூழ்கிக் கிடந்தார்கள். அக்கா முன்னால் மெத்தை காலி. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாருக்கு? உங்களுக்கா, கொடுக்கவா? பகல் விசேஷமா, சாயங்காலமா? எந்தக் கலர் ஏற்கனவே வீட்ல இருக்கு? அத முதல்ல சொல்லுங்க."

நான்கு கேள்வி. பிறகு ஏணியில் ஏறி மூன்று புடவை எடுத்தார். அந்தப் பெண்மணி இரண்டாவதைக் கையில் எடுத்ததும் பில் போடப் போய்விட்டார். ஆறு நிமிடம். பக்கத்து மெத்தையில் நாங்கள் வருமுன்பே உட்கார்ந்திருந்த குடும்பம் நாங்கள் போகும்போதும் உட்கார்ந்திருந்தது.

"கடைக்காரர் திட்ட மாட்டாரா அக்கா? நாலு புடவ கூடப் பாத்தா ரெண்டு கூட வாங்குவாங்கல்ல?" என்று மனைவி கேட்டாள்.

"திட்டுவாரு. ஆனா என்கிட்ட வந்தவங்க மறுவருஷமும் என்னத் தேடி வராங்க. அதனால மெதுவாத் திட்டுவாரு."

அவர்மீது எனக்கு ஒரே ஒரு தடவை வருத்தம் வந்தது. நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஓடும் பட்டையில் என்னை ஓடவைத்து, கம்பிகளை ஒட்டி, மூன்று வாரம் கழித்து முடிவு வாங்கி வந்தேன். நடைபாதையில் அக்காவைப் பார்த்ததும் ஆரம்பித்தேன். காலையில் பேருந்துக்கு எத்தனை நேரம் நின்றேன், என் எண் எத்தனை, எனக்கு முன்னால் எத்தனை பேர்…

"முடிவு என்ன?" என்று குறுக்கே கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஒண்ணும் இல்லையாம். வாயு" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர் பெருமூச்சு விட்டார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சேதி வந்துருச்சு. இப்ப படத்தப் போடுங்கண்ணே. ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார். முக்கால் மணி நேரம் சொன்னேன். ஓடும் பட்டையில் எத்தனை அடி எடுத்துவைத்தேன் என்பது உட்பட. ஓர் இடத்திலும் அவர் குறுக்கிடவில்லை. என் மனைவிதான் நடுவில் இரண்டு தடவை கொட்டாவி விட்டாள்.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தம்பி குடும்பத்தோடு சுங்கைப் பட்டாணி பக்கம் போனதாகக் கேள்வி. நாங்களும் வீடு மாறிவிட்டோம். இந்த வீட்டில் லைன் ஓடுகிற வேகத்தில் எண்ண ஒன்றுமில்லை. ஆனாலும் கணினியில் படங்களை அணைத்தேதான் வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் எழுத வந்தது திங்கட்கிழமைகளைப் பற்றி.

திங்கள் அவருக்கு விடுமுறை. ஒரு திங்கள் காலை பத்து மணிக்கு என் சன்னலைத் தட்டினார். "அண்ணே, உங்க கண்ணாடி புதுசு தானே? வந்து ஒரு எழுத்தப் படிச்சுச் சொல்லுங்க."

திரையில் ஓர் அரசாங்க இலாகாவின் பக்கம். பெட்டிகள் நான்கு. மூன்று வழக்கம்போலக் காலி. நான்காவதை மட்டும் அவர் தனியாகத் திறந்திருந்தார். அதற்குள் கோணல்மாணலாகச் சில எழுத்துகள் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே வருவது மனிதன்தானா என்று சோதிக்கும் எழுத்துகள்.

"இது எட்டா, பியா?"

"பி."

தட்டினார். பிறகு ஒரு கோப்பு எண்ணைத் தட்டினார். பார்க்காமலே தட்டினார். எழுந்து போய்ப் பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தார். ஐம்பது வினாடியில் மலாயில் இரண்டு சொல் வந்தது. டாலாம் புரொசெஸ். பரிசீலனையில் இருக்கிறது.

"என்ன போட்டிருக்கு?" என்றார், கத்தியை நிறுத்தாமல்.

"டாலாம் புரொசெஸ்."

"சரி, மூடிருங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவர் சிவப்பு ஐசிக்காரர் என்று. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே வேலை செய்து, அறுபதை நெருங்கிவிட்டவர். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தபோது அப்பா பிறப்பைப் பதியவில்லை. நிரந்தரமாகத் தங்கலாம் என்கிற சிவப்பு அடையாள அட்டைதான் கையில். குடிமக்களுக்குரிய நீல அட்டை இல்லை.

"நான் பொறந்தப்ப நல்ல மழையாம். ஆபீஸ் பன்னண்டு மைல். அப்பா நாளைக்குப் போலாம்னாரு. தம்பி பொறந்தப்ப வெயிலு. சைக்கிள எடுத்துட்டுப் போய்ப் பதிஞ்சுட்டு வந்தாரு. அவன் நீலம், நான் சிவப்பு. எல்லாம் மழை பண்ணின வேலை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மூன்று தடவை விண்ணப்பித்து மூன்றும் நின்றுபோனது. இது நான்காவது. முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்குப் போட்டால் பத்தொன்பது வருடம். சுற்றுகிற வட்டத்தை ஒரு நிமிடம் பார்க்கப் பொறுக்காத மனுஷி.

எதற்காக அந்த அட்டை என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரிந்தது. தேர்தல் நாளில் ஏழாவது மாடியின் பிள்ளைகள் எல்லாரும் அக்கா வீட்டில்தான் இருப்பார்கள். நாங்கள் வாக்குப் போட்டுவிட்டு, மை பூசிய விரலோடு வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். யாருக்குப் போட்டீர்கள் என்று அவர் கேட்டதே இல்லை. வேறு மாதிரி கேட்பார்.

"உள்ள பேனா அவங்க கொடுப்பாங்களா, நம்ம கொண்டு போகணுமா?"

"அவங்களே வச்சிருப்பாங்க."

"தாள எத்தன மடிப்பு மடிக்கணும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் இரண்டு தேர்தலில் கேட்டிருக்கிறார்.

அதன்பிறகு ஒவ்வொரு திங்களும் பத்து மணிக்குப் போவேன். எழுத்துகளைப் படித்துச் சொல்வேன். அவர் பீன்ஸோ கீரையோ ஆய்வார். டாலாம் புரொசெஸ். மூடுவோம். அறுபது திங்கள் இப்படியே போயிற்று.

அறுபத்தோராவது திங்கள் மத்தியானம் ஆகிவிட்டது. காலையில் மின்சாரம் இல்லை. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. எழுத்துகளைப் படித்தேன். எண்ணைத் தட்டினார். டாலாம் புரொசெஸ். மூடக் கை நீட்டினார்.

"இருங்க அக்கா."

"என்ன?"

"பெட்டி அஞ்சு இருக்கு."

"என்ன பெட்டி?"

"எப்பவும் நாலு. எங்க வீட்ல ஒரு தடவ படத்தோட தொறந்து பாத்திருக்கேன். மேல முத்திர, இடப்பக்கம் கொடி, நடுவுல எழுத்து, கீழ ஏதோ கட்டடம். இன்னிக்கு அஞ்சு. கொடிக்குக் கீழ ஒண்ணு புதுசு."

"ஏதாச்சும் பெருநாள் வாழ்த்தா இருக்கும் அண்ணே. படம்தானே."

அவர் சொன்னது நியாயம். ஆனால் எண்ணிக்கை பொருந்தாமல் ஒரு கிடங்கையும் நான் பூட்டியதில்லை. திறந்தே தீரவேண்டும் என்றேன். அக்கா அலுத்துக்கொண்டு அந்த ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

பெரிய படம். மேலிருந்து கீழே, ஒரு நூல் அகலமாக இறங்கி வந்தது. முதலில் வெள்ளை. பிறகு நோட்டீஸ் என்று ஒரு தலைப்பின் மேல்பாதி. அரை நிமிடம் கழித்துக் கீழ்ப்பாதி. காகிதக் கடிதத்தை அப்படியே படமெடுத்துப் போட்டிருந்தார்கள். முதல் வரி வந்தது. கீழ்க்கண்ட விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பிய கடிதங்கள், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. இரண்டாவது வரி வர ஒரு நிமிடம். அசல் பத்திரங்களோடு இந்த வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வரவேண்டும். மூன்றாவது வரி. வராதவர்களின் விண்ணப்பம் ரத்து.

"அக்கா, உங்க விண்ணப்பத்துல எந்த முகவரி?"

துடைப்பம் நின்றது. "பழைய வீடு. அத இடிச்சுட்டாங்க. மாத்தணும் மாத்தணும்னு…" முடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சரியான முகவரியைக் கொப்பியில் எழுதிவைத்தவர் அவர்.

பிறகு எண்கள் இறங்க ஆரம்பித்தன. சிறியதிலிருந்து பெரியதாக. அக்காவின் எண் பெரியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணிக்கொண்டே படித்தேன். அக்கா பெருக்கிய இடத்தையே திரும்பப் பெருக்கினார். மலைப் பக்கம் ஒரு உறுமல் கேட்டது.

நடைபாதையிலிருந்து என் மனைவி கத்தினாள். "இடி வருது! பிளக்கப் புடுங்குங்க! கம்ப்யூட்டர் வெந்துரும்!"

"புடுங்காதே!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம். அவள் பயந்துபோய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. ஒரு இடி. விளக்கு மினுங்கி நின்றது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முப்பத்தெட்டாவது எண்ணின் மேல்பாதி வந்தது. கடைசி இலக்கம் எட்டா, மூன்றா என்று தெரியாத ஒரு வளைவு. கீழ்ப்பாதி வந்தது. எட்டு.

"அக்கா, உங்களுது."

"நல்லாப் பாருங்க."

"ஒம்போது இலக்கமும் சரி. ரெண்டு தடவ பாத்துட்டேன்."

அடுத்த இடியில் லைன் போய்விட்டது. அவருக்குக் கீழே இன்னும் இரண்டு எண்களுக்கு இடம் இருந்தது. அவை வரவே இல்லை. அந்த இருவரும் பார்த்திருப்பார்களா என்று எனக்கு இன்றைக்கும் கவலை உண்டு.

"படம்தானேன்னு மூடப் போனேன் அண்ணே" என்றார் அக்கா. தரையில் உட்கார்ந்துவிட்டார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மனுஷன் பெட்டிய எண்ணறாரேன்னு நான் எத்தன நாள் தலையில அடிச்சிருக்கேன்" என்றாள். என்னைப் பற்றி அவள் சொன்னவற்றில் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

புதன்கிழமை காலை இலாகாவுக்குப் போனோம். நானும் போனேன். எண்ணிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. தோட்டத்து ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டு நகல், பள்ளிக்கூடச் சான்று, அப்பாவின் அட்டை எல்லாம் ஒரே உறையில், வரிசையாக, எது முதலில் கேட்பார்களோ அது மேலே. கவுண்டரில் தலைத்துணி அணிந்த இளம் அதிகாரி ஒருவர். பத்திரங்களைப் பார்த்து முடிக்க அவருக்கு நான்கு நிமிடம்தான் ஆயிற்று. பிறகு மலாய்மொழித் தேர்வு. பேச்சுத் தேர்வு.

"மக்சிக் எங்கே வேலை செய்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார். வயதான பெண்களை இங்கே மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்.

"துணிக் கடை."

"என்ன வேலை?"

"விற்பது."

"வீட்டில் யார் யார்?"

"நான்."

இப்படியே போயிற்று. பதினொரு கேள்விக்குப் பதினெட்டுச் சொல். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "மக்சிக், உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் நான் மதிப்பெண் போட வேண்டும். நீங்கள் பேசவே மாட்டேன் என்கிறீர்களே. கொஞ்சம் நீளமாகச் சொல்லுங்கள்."

"நீளமாச் சொல்ல அதுல என்ன இருக்கு?" என்று அக்கா என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். பத்தொன்பது வருடம், வாயைத் திறக்காததால் போகப்போகிறதே என்று நினைத்தேன்.

அதிகாரி நல்லவர். வேறு பக்கமாக வந்தார். "கடிதம்தான் திரும்பி வந்துவிட்டதே. இந்த அறிவிப்பை எப்படிப் பார்த்தீர்கள்? எங்கள் பக்கம் திறக்க ரொம்ப நேரமாகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யார் சொன்னார்கள் நேரமாகும் என்று? அவர்களுக்குத் திறக்கத் தெரியவில்லை" என்று மலாயில் ஆரம்பித்தார். முன் வாசல் வழியாகப் போகாதீர்கள். முத்திரையை இழுக்காதீர்கள், அது எங்கேயும் ஓடிப்போகாது. கொடியை நாங்கள் பார்த்திருக்கிறோம். எழுத்துப் பெட்டியை மட்டும் திறவுங்கள். திறந்துவிட்டுச் சோறு வடியுங்கள். கடிதத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள் மகளே, எழுத்தாகத் தட்டிப் போடுங்கள். எழுத்து ஒரு நொடியில் வரும், படம் ஏழு மாடி ஏறி வரும். நானே வாழ்த்து என்று நினைத்து மூடப் போனேன். பாசார் மலாய்தான், சந்தையில் பேசுவது. ஆனால் தங்குதடை இல்லை. அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு மஞ்சள் தாள் ஒன்றை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு பக்கத்துக் கவுண்டர்க்காரரைக் கூப்பிட்டு, "நீயும் கேள்" என்றார். பன்னிரண்டு நிமிடம். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போதும் மக்சிக், போதும். முழு மதிப்பெண்" என்றார் அதிகாரி.

அதற்குப் பிறகு பதினேழு திங்கள். பதினேழாவது திங்களில் இரண்டு சொல்லுக்குப் பதிலாக ஒரு சொல் வந்தது. லுலுஸ். அங்கீகரிக்கப்பட்டது. நான் சத்தமாகப் படித்தேன். "மறுபடி படிங்க" என்றார். படித்தேன். கத்தி நிற்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு வந்த பீன்ஸ் பொரியல் அரிசி அளவுக்கு நறுக்கப்பட்டிருந்தது.

அட்டை வாங்கப் போன நாளிலும் நான் கூடப் போனேன். பெயரைக் கூப்பிட்டார்கள். விரல் வைத்தார். அட்டையைக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம். நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"போலாமா அக்கா?"

அவர் காத்திருப்போர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். பையைத் திறக்கவில்லை. கொப்பியை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் இருங்கண்ணே."

"எதுக்கு? வேலதான் முடிஞ்சிருச்சே."

"ஆமா, முடிஞ்சிருச்சு" என்றார்.

காவலாளி வந்து, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், உட்கார்ந்திருக்கிறேன் என்றார் அக்கா. கண்ணாடிக்கு வெளியே எங்கள் பேருந்து வந்தது, போனது. எனக்கு ஒரு மணிக்குப் போடவேண்டிய மாத்திரை இருந்தது. மழை வரும் போலவும் இருந்தது. இரண்டாவது பேருந்தும் போனது. அக்கா கவுண்டரில் கூப்பிடும் எண்களையும், எழுந்து போகிறவர்களையும், சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூன்றாவது பேருந்து காலியாக வந்து காலியாகப் போனது.

நான்காவது வந்து நின்றபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்ததுல போலாம் அக்கா" என்றேன்.